கொட்டாயா, கோட்டையா?

"டீச்சர், எங்கூர்ல கோட்டை எங்க இருக்குது?"

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். என் போனில் வரைபடத்தைத் திறந்து, தன் வீடு இருக்கும் இடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அவள் ஊருக்கு நேராகத் தமிழில் "கோட்டை" என்றுதான் எழுதியிருந்தது.

அவள் இருப்பது ஒரு கொட்டாயில். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காட்டை ஒட்டி ஒருவர் கொட்டகை போட்டுக் குடியேறுவார். பங்காளிகள் பக்கத்திலேயே வீடு கட்டுவார்கள். இரண்டு தலைமுறையில் முப்பது நாற்பது வீடு ஆகிவிடும். முதலில் வந்தவரின் பெயரையோ சாமியின் பெயரையோ முன்னால் சேர்த்து இன்னாரு கொட்டாய் என்பார்கள். எங்கள் பக்கம் பாதி ஊர்கள் அள்ளியில் முடியும், மீதி கொட்டாயில் முடியும். யாரோ எங்கோ ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த பெயரை எந்திரம் தமிழுக்குத் திருப்பியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் கொட்டாயும் கோட்டையும் கிட்டத்தட்ட ஒரே எழுத்துக்கூட்டில்தான் வந்து நிற்கும். ஓலைக்கொட்டகை கற்கோட்டையானது அப்படித்தான்.

"அப்ப இத யாரு எழுதுனாங்க டீச்சர்?" என்றாள் அடுத்து.

கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்து பல வருடங்கள் கழித்து எனக்குக் கிடைத்த கேள்வி அது. என் வகுப்பை நான் எப்படி நடத்த வேண்டும் என்று அந்தக் கேள்விதான் தீர்மானித்தது.

2012ல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் அரசுப் பள்ளிகளுக்கு. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. அப்படி வந்தவர்களில் நானும் ஒருத்தி. பென்னாகரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. ஒரு பெரிய அறையைத் தடுத்து, பாதியில் சத்துணவு அரிசி மூட்டை, மீதிப் பாதியில் மூன்று கணினி. அதில் ஒன்று ஓடாது. இன்னொன்றில் பள்ளியின் பதிவு வேலை எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கென்று மிச்சம் ஒன்று.

முதல் இரண்டு வருடம் நான் செய்ததை இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கரும்பலகையில் கணினியின் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னேன். உள்ளீட்டுக் கருவி எது, வெளியீட்டுக் கருவி எது என்று எழுதிப்போட்டேன். "கணினியின் தந்தை சார்லஸ் பாபேஜ்" என்று ஒரே குரலில் சொல்ல வைத்தேன். பிள்ளைகள் நோட்டில் அழகாக எழுதினார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் கேட்டபோது பளிச்சென்று பதில் சொன்னார்கள். அத்தனை பேரில் கீபோர்டைத் தொட்டவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று கிணற்று மேட்டில் உட்காரவைத்துத் தண்ணீரின் குணங்களை ஒப்பிக்கச் சொன்ன கதை.

பிள்ளைகள் மாறியது கொரோனாவுக்குப் பிறகு. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. சில ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பினார்கள். எங்கள் ஊர்களில் அப்பா பெங்களூரில் கட்டட வேலையிலும் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியிலும் இருப்பது சாதாரணம். பிள்ளை பாட்டியிடம் வளரும். போன் அப்பாவோடு போய்விடும். ஊரடங்கில் எல்லோரும் ஊர் திரும்பியபோதுதான் பல வீடுகளில் முதன்முதலாகத் தொடுதிரைப் போன் பிள்ளையின் கையில் நிலைத்தது. பள்ளி திறந்து அவர்கள் திரும்பி வந்ததும் நான் பார்த்த முதல் வேறுபாடு: மானிட்டரைக் கண்டதும் கண்ணாடியில் விரலை வைத்து மேலே தள்ளினார்கள். நகரவில்லை. "ஹேங் ஆயிடுச்சு டீச்சர்" என்றார்கள்.

அதே பிள்ளைகள் போனில் எதையும் தேடி எடுப்பார்கள். மைக்கை அழுத்தி வாயால் கேட்பார்கள். வீடியோ வரும், பார்ப்பார்கள், பிடித்ததை அனுப்புவார்கள். நாடு முழுக்க நிலைமை இதுதான் என்பது, கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பைக் கணக்கெடுத்து வெளியிடும் அசர் அறிக்கைகள் பிறகு வந்தபோது தெரிந்தது. 2023ல் 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில், கிராமப்புறத்து 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் கணக்கெடுத்தார்கள். பத்தில் ஒன்பது வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அலாரம் வைப்பது, ஒரு தகவலைத் தேடுவது, வரைபடத்தில் வழி பார்ப்பது, ஒரு வீடியோவைக் கண்டுபிடித்து அனுப்புவது என்று நேரிலேயே செய்துகாட்டச் சொன்னார்கள். ஓர் எண் மட்டும் என் மனதைவிட்டுப் போகவில்லை. போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம். பெண்பிள்ளைகள் 19.8. என் வகுப்பில் "போன் எங்க அண்ணன் கிட்ட இருக்குது டீச்சர்" என்று சொல்லாத பெண்பிள்ளையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். போன் வீட்டில் இருப்பது வேறு, அவள் கையில் இருப்பது வேறு. பள்ளிக்கூடத்துக் கணினி என்றால், இந்தப் பெண்பிள்ளைகள் யாரிடமும் கேட்காமல் தொடக்கூடிய முதல் பொருள். அதனால்தான், போன் எல்லோரிடமும் வந்துவிட்டதே, இனிக் கணினி வகுப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கோட்டைக் கேள்விக்கு வருகிறேன். இத யாரு எழுதுனாங்க? அவள் கேட்கும்வரை, திரையில் வருவதை யாரோ ஒருவர் எழுதுகிறார் என்று என் பிள்ளைகள் நினைத்ததே இல்லை. மழை வருகிற மாதிரி அது வருகிறது. நான் பாடமாக நடத்திய வன்பொருள், மென்பொருள் எதிலும் இந்தச் செய்தி இல்லை. எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை எழுத வைத்துத்தான் புரியவைக்க முடியும் என்று தோன்றியது. அப்போதுதான் தட்டச்சைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் தமிழ்த் தட்டச்சு.

ஏன் தமிழ்? எங்கள் பிள்ளைகளில் பலர் ஆறாம் வகுப்புக்கு வரும்போதும் ஆங்கில எழுத்துகளைத் தேடித்தான் படிக்கிறார்கள். "அம்மா" என்று எழுத அவர்களை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டச் சொன்னால், தெரிந்த ஒன்றை எழுதத் தெரியாத ஒன்றின் வழியே அனுப்புகிறோம். "பள்ளி"யின் ளகரத்துக்கு எந்த ஆங்கில எழுத்து, "மழை"யின் ழகரத்துக்கு எது, "பந்து"வின் நகரத்துக்கு எது என்று அவர்கள் திணறுவதை ஒரு வருடம் பார்த்தேன். பிறகு தமிழ் 99க்கு மாற்றினேன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி உருவான விசைப்பலகை அது. தமிழ்நாடு அரசு அதையே தரப்படுத்தியது. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். கைகளை வைத்தால் இடது சுண்டுவிரலின் கீழே அ இருக்கும், வலது நடுவிரலின் கீழே ம இருக்கும். அ ஒரு தடவை, ம இரண்டு தடவை, பிறகு சுண்டுவிரல் ஒரு படி ஏறி ஆ. நாலு தட்டு. திரையில் "அம்மா" வந்துவிடும். முதல் மகரத்தின் தலையில் புள்ளி தானாகவே விழும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி என்பது அதன் விதி. "பந்து" என்று எழுத ப, ந, த, உ. இங்கே நகரமும் தகரமும் வேறு எழுத்து, ஆனாலும் நகரத்துக்குப் புள்ளி விழுகிறது. "ஏன் டீச்சர்?" என்றார்கள். தமிழையா நடத்திய இன எழுத்துப் பாடத்தைக் கொண்டுவரச் சொன்னேன். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. மெல்லினத்துக்குப் பின்னால் அதன் இனமான வல்லினம் வந்தால் புள்ளி தானாக வரும். ஒரு பையன் நோட்டைப் பார்த்துப் பார்த்து ஆறையும் தட்டினான். ஆறுக்கும் புள்ளி விழுந்தது. "டீச்சர், இதுக்கு இலக்கணம் தெரியுது!" என்றான். அந்தப் பையன் தமிழ் இலக்கணத்தில் ஒரு மதிப்பெண் வினாவைக்கூட விட்டுவிட்டு வருபவன். இலக்கணம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து அந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்பதை அவனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு கணினிக்கு நாற்பது பேர் என்பதை எப்படிச் சமாளித்தேன் என்று பலர் கேட்பார்கள். கரண்ட்டும் நிலையில்லை. யூபிஎஸ் பேட்டரி என்றோ செத்துவிட்டது. பள்ளி வராந்தா நீளமானது. சாக்பீஸை எடுத்து அங்கே தமிழ் 99 விசைப்பலகையைப் பெரிதாக வரைந்தோம். ஒரு கட்டம் ஒரு பிள்ளை நிற்கும் அளவு. பாண்டி ஆடத் தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் உண்டா? ஒருவர் சொல் சொல்ல, இன்னொருவர் அந்தச் சொல்லை நொண்டியடித்துத் தட்ட வேண்டும். சில்லு தப்பான கட்டத்தில் விழுந்தால் ஆட்டம் போச்சு. "தாத்தா" என்றால் த, ஆ, த, த, ஆ. ஒரே கட்டத்தில் இரண்டு குதி குதித்தால்தான் புள்ளி. ஒரே மாதத்தில் எழுத்துகளின் இடம் பிள்ளைகளின் காலில் இறங்கிவிட்டது. பிறகு அட்டையில் சிறிதாக வரைந்து ஆளுக்கொன்று கொடுத்தேன், விரலுக்கு இறங்கியது. உண்மையான கீபோர்டுக்கு முறை வரும்போது தேடிக்கொண்டு நிற்கவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு பத்தி அடித்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விட்டார்கள்.

எந்தக் கணினியில் எழுதினாலும் எழுத்து மாறாமல் போய்ச் சேர்வது இவர்களுக்கு இயல்பாகக் கிடைத்துவிட்டது. எனக்கு அப்படி இல்லை. நான் கல்லூரி முடித்த காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டவைத்திருப்பார்கள். நான் ராவெல்லாம் அடித்த தேர்வுத் தாளை அச்சுக்கு எடுத்துப் போனால், அங்கே அந்த எழுத்துரு இல்லாததால் தாள் முழுக்கக் கொம்பும் கொக்கியுமாக நிற்கும். அழுகை வந்துவிடும். 2010ல் கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில்தான் எந்தக் கணினியிலும் ஓர் எழுத்துக்கு ஒரே குறியீடு என்று வைக்கும் ஒருங்குறியை, அதாவது யூனிகோடைத், தமிழ்நாடு அரசு தரமாக ஏற்று ஆணை போட்டது. இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளை அடித்ததை பெங்களூரில் இருக்கும் அவள் அப்பாவின் போன் அப்படியே காட்டுகிறது. இதற்காக எத்தனை பேர் எத்தனை வருடம் எந்த ஊதியமும் இல்லாமல் உழைத்தார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் நான் விடுவதில்லை. சென்னையில், சிங்கப்பூரில், மலேசியாவில், யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்து போன ஊர்களில் என்று அவர்கள் இருந்தார்கள்.

எழுத வந்தபின், தேட வைத்தேன். தங்கள் ஊராட்சியின் பெயரைத் தமிழில் தட்டித் தேடினார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் வந்தது. நம் ஊருக்கும் பக்கம் இருக்கிறதா என்று எல்லோரும் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து பார்த்தார்கள். தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. ஊரக வளர்ச்சித் துறையின் 2015ஆம் ஆண்டுத் தரவிலிருந்து ஆக்கியவை. எந்தத் தொகுதி, 2011 கணக்கெடுப்பில் எத்தனை ஆண், எத்தனை பெண். அதற்குக் கீழே ஓர் அட்டவணை: குடிநீர் இணைப்பு, கைக்குழாய், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, குளம், சந்தை, சாலை, சுடுகாடு. கடைசியில் சிற்றூர்களின் பட்டியல்.

வழக்கமாக எந்தக் கட்டுரையையும் இரண்டு வரி படித்துவிட்டு ஓடும் பிள்ளைகள் அந்த அட்டவணையை வரி வரியாகப் படித்தார்கள். ஒருவன் கைக்குழாயில் நின்றான். "டீச்சர், இவ்ளோ கைக்குழாய் எங்கூர்ல இல்ல." இன்னொருத்தி, "இருக்குது, எங்க கொட்டாய்லயே ரெண்டு" என்றாள். சண்டை வந்தது. சரி, எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன்.

கைக்குழாய் எங்கள் மாவட்டத்தில் சும்மா ஒரு கைக்குழாய் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஆழத்துக்குப் போகப் போகப் பாறையிலிருந்து கரைந்து வரும். சின்ன வயதிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். வயதாக ஆக எலும்பையும் பிடிக்கும். என் வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். பல் விளக்காததால் வந்த கறை என்று வெளியூரில் சொந்தக்காரர்களே கேலி செய்வார்களாம். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013ல் காவிரித் தண்ணீர் இந்த ஊர்களுக்கு வரத் தொடங்கியது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் கொட்டாயில் இருப்பவர் எங்கே போவார்? கைக்குழாய்க்குத்தான். ஆகவே எது ஓடுகிறது, எது ஓடவில்லை, எதில் குடிக்கிறார்கள் என்ற கணக்கு எங்களுக்கு முக்கியமான கணக்கு.

இரண்டு சனி ஞாயிறு சுற்றினார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு கொட்டாய். நோட்டில் எழுதிக்கொண்டு வந்து திங்கட்கிழமை விரிதாளில் ஏற்றினோம். எக்செல் என்றால் அவர்கள் அதுவரை மதிப்பெண் பட்டியல் போடும் ஒன்று என்றுதான் அறிவார்கள். குழாய் இருக்கும் இடம், ஓடுகிறதா, குடிக்கவா புழங்கவா, யார் சொன்னது. யார் சொன்னது என்ற நான்காவது நெடுவரிசையை அவர்களே சேர்த்தார்கள். "சும்மா எழுதிட்டு வந்துட்டாங்கன்னு யாரும் சொல்லக் கூடாது டீச்சர்." கூட்டல் வாய்ப்பாட்டைப் போட்டதும் மொத்தம் தானாக வந்தது. கைதட்டினார்கள். பதினாறு குழாய் நின்றது, ஓடியது ஏழு. அட்டவணையில் இருந்த எண் இரண்டுக்கும் ஒத்துவரவில்லை.

உடனே விக்கிப்பீடியாவில் மாற்றிவிடலாம் என்று குதித்தார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். இங்கே நிறுத்தி ஒரு வகுப்பு முழுக்கப் பேசினோம். நாம் எண்ணியது நமக்குத் தெரியும், படிப்பவருக்கு எப்படித் தெரியும்? அந்த அட்டவணையின் ஓரத்தில் ஒரு மேற்கோள் எண் இருக்கிறது. அது ஓர் அரசுத் தரவைக் காட்டுகிறது. நம் நோட்டைக் காட்ட முடியுமா? நாமே எண்ணி நாமே எழுதினால் அங்கே ஏற்கமாட்டார்கள், ஏற்கெனவே வெளியான ஒன்றைச் சான்றாகக் காட்ட வேண்டும் என்றதும் சில பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. ஒரு பையன் மட்டும் விடவில்லை. "அவங்க எண்ணுனது 2015. நாம எண்ணுனது இப்ப. ரெண்டும் சரியாத்தான இருக்கும்?" என்றான். ஆமாம் சாமி என்றேன். திரையில் ஓர் எண்ணைப் பார்த்தால் அது எந்த வருடத்து எண் என்று கேட்க, பதின்மூன்று வயதில் ஒருவன் கற்றுக்கொண்டுவிட்டான். பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி ஒருவரோடு ஒருவர் பேச்சை நிறுத்திக்கொள்ளும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்.

கணக்கு வீணாகவில்லை. எட்டாம் வகுப்பில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கடிதம் எழுதப் படிக்கிறார்கள் அல்லவா, அதே வடிவில் ஓடாத குழாய்களின் பட்டியலோடு ஒரு மனுவைத் தட்டச்சு செய்தார்கள். கிராம சபையில் ஒரு பிள்ளையின் அம்மா அதைக் கொடுத்தார். இரண்டு குழாய் சரியானது. மற்றவை அப்படியே கிடக்கின்றன. அந்த அம்மா எனக்குச் சொன்னது இதுதான்: "மனு எழுத ஆளத் தேடி அம்பது நூறு குடுத்துட்டு இருந்தேன் டீச்சரம்மா. என்ன எழுதறாங்கன்னும் தெரியாது. இவ படிச்சுக் காமிச்சிட்டுதான் கையெழுத்தே கேட்டா."

கணினியைக் கொடுத்துவிட்டால் போதும், பிள்ளை தானாகக் கற்கும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க ஒரு காலத்தில் இருந்தது. பெரு நாட்டில் மலைக் கிராமங்கள் வரை லட்சக்கணக்கில் சின்னப் பச்சை மடிக்கணினிகளைக் கொடுத்தார்கள். 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012ல் வெளியிட்ட ஆய்வில், கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சி கூடியதற்கு அடையாளமே இல்லை. கணினிகள் போய்ச் சேர்ந்தன. பல பள்ளிகளில் இணையம் சேரவில்லை, அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்ற வழிகாட்டல் ஆசிரியருக்குப் போதவில்லை. நம்மிடமும் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். என்னிடம் படித்த பெண்களில் நர்சிங் படிக்கப் போனவர்கள் அந்த மடிக்கணினியில்தான் விண்ணப்பம் போட்டார்கள். அண்ணனுக்கு வந்த மடிக்கணினி பேட்டரி போய்ப் பரணில் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து, மின் இணைப்பில் போட்டு எங்கள் பள்ளியில் ஓட்டினோம். ஒன்று மூன்றானது அப்படித்தான். ஆனால் அந்த அண்ணன்களிடம் கேட்டால், அதில் படம் பார்த்தோம், பாட்டு ஏற்றினோம் என்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. வேறு எதற்கு என்று யாரும் உட்கார்ந்து காட்டவில்லை.

கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா 1999ல் தில்லி கால்காஜியில் சுவரில் கணினியைப் பதித்து, குடிசைப் பகுதிப் பிள்ளைகள் தாமாகக் கற்றதைக் காட்டினார். அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவரே பிற்பாடு தமிழ் பேசும் ஒரு கடலோரக் கிராமத்தில் உயிர்த்தொழில்நுட்பப் பாடத்தை ஆங்கிலத்தில் கணினியில் போட்டுவிட்டுப் போனதை அவ்வளவு பேர் சொல்வதில்லை. பிள்ளைகள் தாமாகவே படித்து 30 சதவீதம் வரை எட்டினார்கள். ஆச்சரியம்தான். அதன்பின் பாடமே தெரியாத ஓர் இளம்பெண்ணைப் பக்கத்தில் நிற்கவைத்தார். அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. எப்படிச் செய்தாய், இன்னொரு தடவை காட்டு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். 50க்கு ஏறியது. அந்த இருபதுதான் நான். அந்த இருபதுக்குத்தான் ஊர் ஊராக ஆள் வேண்டும். இன்னொரு எண்ணமும் எனக்கு உண்டு. அந்தப் பாடம் தமிழில் இருந்திருந்தால் அந்த முப்பது எவ்வளவாக இருந்திருக்கும்?

பக்கத்துக் கேரளத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவேன். 2000களின் தொடக்கத்திலேயே பள்ளிக்குள் தகவல் தொழில்நுட்பத்தைத் தனிப்பாடமாகக் கொண்டுபோய், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளில், மலையாளத்தில் நடத்துகிறார்கள். பத்தாம் வகுப்பில் அதற்குத் தேர்வு உண்டு. நம்மிடம் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒரு பாடமாகக் கணினி வருகிறது. உயர்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன, இப்போது நடுநிலைப் பள்ளிகளுக்கும் வருகின்றன. செயற்கை நுண்ணறிவும் ரோபோவும் சொல்லித்தரப் புதிய பாடத்திட்டமும் வந்திருக்கிறது. எல்லாம் வரட்டும். வாயால் சொன்னால் எழுதிக்கொடுக்கும் எந்திரங்கள் வந்துவிட்டன, இனித் தட்டச்சு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் அந்த எந்திரத்திடம் எங்கள் ஊர்ப் பேச்சில் நாலு வரி பேசிப் பார்க்கட்டும். கொட்டாய் மறுபடியும் கோட்டையாகத்தான் வரும். அதைத் திருத்தத் தெரிந்த கை ஒன்று ஊருக்குள் இருக்க வேண்டும்.

கோட்டை என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. வரைபடத்தில் பெயரைத் திருத்த வழி இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பெண்ணும் இன்னும் மூன்று பேரும் "கொட்டாய்" என்று அனுப்பினார்கள். ஏற்கவில்லை. மறுபடி அனுப்பினார்கள். அதற்கும் அதே பதில். சான்று வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. வீடு வீடாகப் போய் ஸ்மார்ட் ரேஷன் கார்டுகளை வாங்கிப் பார்த்தார்கள். ஒரே கொட்டாயில் மூன்று விதமாக எழுதியிருந்தது: கொட்டாய், கொட்டை, கோட்டை. கோட்டை என்று அச்சடித்த கார்டை வைத்திருந்த தாத்தாவிடம், "தாத்தா, நீங்க இத்தன நாளா கோட்டைலயா இருந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் தடவையாகத் தன் கார்டைப் படித்தாராம். அவருடைய அப்பா வைத்த ஊர் அது.

கடைசியில் பால் சொசைட்டியின் பழைய பெயர்ப் பலகை கிடைத்தது. தகரம் துருப்பிடித்து, எழுத்து மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதைப் படம் எடுத்து இணைத்து அனுப்பினார்கள்.

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உயர்நிலைப் பள்ளிக்கு பஸ்ஸில் போகிறாள். போன மாதம் ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் பள்ளிக்கு ஓடிவந்தாள். என் போனைக் கேட்டு வாங்கி, வரைபடத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கி என் முன்னால் நீட்டினாள். கொட்டாய் என்று இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு அவள் வரைபடத்தைக் கொஞ்சம் மேற்கே நகர்த்தினாள்.

"பக்கத்துக் கொட்டாய்க்குப் பேரே போடல டீச்சர். அங்கயும் பலகை இருக்குதான்னு நாளைக்குப் போய்ப் பாக்கறோம்."